காலால் மிதிக்கும் கையெழுத்து

தமிழில் 'கையெழுத்து' என்ற சொல்லுக்குள்ளேயே கை இருக்கிறது. எழுதியவன் அங்கே இருந்தான், அவன் கை நகர்ந்தது என்பதற்கான சாட்சியம் அது. மின் கிதார் வாசிப்பவர்களின் காலடியில் கிடக்கும் 'சிக்னேச்சர்' பெடலின் முன்னால் இந்தச் சொல் கொஞ்சம் சங்கடப்படுகிறது. டன்லப் கம்பெனி தயாரிக்கும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஃபஸ் ஃபேஸ் பெடலைச் சொல்கிறேன். பாதத்தால் மிதித்து இயக்கும் வட்டமான உலோக டப்பா. ஹென்ட்ரிக்ஸ் 1970-ல் 27 வயதில் இறந்துவிட்டார். டன்லப் ஃபஸ் ஃபேஸைக் கையில் எடுத்தது 1993-ல். அப்படியானால் கையெழுத்துப் போட்டது யார்?

இதற்குப் போகுமுன் ஃபஸ் என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும். 1960-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்று பதிவாகிக்கொண்டிருந்தபோது ஒலிக்கலவை மேசையின் ஒரு தடத்தில் கோளாறு. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதாரின் நாதம் கிழிந்து கரகரத்தது. அழித்துவிட்டு மறுபடி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. பாட்டு 1961-ல் வந்து பிரபலமும் ஆயிற்று. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறைத் தனியாக உண்டாக்கும் மின்சுற்று ஒன்றை உருவாக்கினார். 1962-ல் கிப்சன் கம்பெனி அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. கிதாரை ஊதுகருவிபோல ஒலிக்க வைக்கும் என்றுகூட விளம்பரம் செய்தார்கள். பெட்டி கடைகளில் தூங்கியது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், ஊதுகருவிகளுக்காக யோசித்த ஒரு இசைவரியைத் தற்காலிகமாக இதில் வாசித்துவைத்தார். 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதுவே நிலைத்துவிட்டது. முதலில் ஒரு பிழை, பிறகு பிழையின் நகல், பிறகு வேறொரு கருவிக்குப் பதிலியாக நின்ற அந்த நகல். மூலத்தைத் தேடிப் போனால் கெட்டுப்போன மேசையில்தான் போய் முட்டிக்கொள்வோம்.

சரி, டப்பாவுக்குள்ள என்னதான் இருக்கு? ஃபஸ் ஃபேஸை 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி வெளியிட்டது. இரண்டு டிரான்சிஸ்டர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய சில உதிரிகள், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு திருகிகள். அவ்வளவுதான். தந்தியின் அதிர்விலிருந்து வரும் மெலிந்த மின்னலையை டிரான்சிஸ்டர் பலமடங்கு பெருக்குகிறது. பேட்டரி தருவதற்கு மேல் அலை உயர முடியாது. எனவே அதன் உச்சி வெட்டுப்படுகிறது. குன்றுபோல வளைந்திருந்தது மேசைபோலத் தட்டையாகிறது. அந்த வெட்டில் மூலநாதத்தில் இல்லாத மேல்சுரங்கள் பிறக்கின்றன. தந்தியின் அதிர்வு அடங்கிக்கொண்டே வந்தாலும் வெட்டுப்பட்ட உயரம் வெகுநேரம் மாறுவதில்லை. அதனால்தான் சுரம் சாக மறுத்து நீள்கிறது.

ஆரம்பகால ஃபஸ் ஃபேஸில் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். இவை ஒன்றுபோல் ஒன்று இராது. அறை சூடானால் குணம் மாறும். ஒரே வகையில் இரண்டு பெட்டி வாங்கினால் இரண்டும் வேறு வேறு மாதிரி உறுமும். பின்னால் வந்த சிலிக்கான் கொஞ்சம் ஒழுக்கமானது, ஆனால் குரல் கூர்மை. ஹென்ட்ரிக்ஸ் காலப்போக்கில் இரண்டையும் வாசித்திருக்கிறார். டன்லப்பின் பெடலோ 1969-70 காலத்துப் பெட்டியை ஒட்டி, பிசி108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டரோடு வருகிறது. 1966-ல் லண்டனில் வந்திறங்கிய ஹென்ட்ரிக்ஸுக்கும் 1969 ஆகஸ்ட்டில் வுட்ஸ்டாக் மேடையில் அமெரிக்க தேசியகீதத்தைக் குண்டுச் சத்தமாகவும் ஓலமாகவும் பிளந்து வாசித்த ஹென்ட்ரிக்ஸுக்கும் இடையில் இந்தப் பெயர் ஒருவரைத் தேர்ந்துகொள்கிறது. (1961-62-ல் பாராசூட் படைப்பிரிவில் இருந்தவர் அவர். அந்தச் சத்தங்களைக் கற்பனையில் மட்டும் கேட்டவரல்ல.)

இன்னொன்று. அவர் பெட்டிகளை ரோஜர் மேயர் என்பவர் பிரித்து மாற்றியமைத்துக்கொடுத்தார். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஒலியும் அதிர்வும் ஆராய்ந்தவர். ஒலிப்பதிவில் எடி கிரேமரின் பங்கு, மார்ஷல் ஆம்ப்ளிஃபயரின் பங்கு எல்லாம் வேறு. ஆசிரியன் என்பது ஒரு ஆளல்ல, பல கைகளின் வேலையை ஒரு பெயருக்குள் திரட்டும் செயற்பாடு என்று 1969-ல் ஃபூக்கோ சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

1971-ல் மான்ட்ரியலில் வாசித்த கட்டுரையில் தெரிதா கையெழுத்தைப் பற்றிச் சொன்னது இன்னும் நெருக்கமானது. திரும்பத் திரும்பப் போட முடிந்தால்தான் அது கையெழுத்து. போட்டவன் இல்லாதபோதும் செல்லுபடியாக வேண்டும். பேங்கில் கொடுத்த மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் செக் திரும்பி வரும். அச்சு அசலாக ஒத்துப்போனாலோ போலியோ என்று சந்தேகம் வரும். தனித்தன்மையின் அடையாளம் தனித்தன்மையை இழந்துதான் அடையாளமாகிறது. கட்டுரையின் கடைசியில் தன் கையெழுத்தையே அச்சிட்டு வைத்தார் அந்த மனிதர்.

இதை வெறும் தத்துவ விளையாட்டாக எடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. மகனின் இசைக்கும் பெயருக்குமான உரிமை தந்தை ஆல் ஹென்ட்ரிக்ஸின் கைக்குத் திரும்பியது 1995-ல், வழக்காடிய பிறகுதான். மகன் செத்து 25 வருஷம். ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குப் பெயர் என்பது சொத்து, வழக்காடி மீட்ட சொத்து. 'ஆசிரியன் இறந்துவிட்டான்' என்று இங்கே இருந்துகொண்டு நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அவருடைய தந்தையிடம் போய் அதைச் சொல்வது எளிதல்ல.

கிதாரிஸ்டுகள் வேறொன்று சொல்வார்கள்: பெட்டியில் ஒன்றும் இல்லை, எல்லாம் விரலில்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதுவும் மேதை வழிபாடுதான், பெட்டிக்குப் பதில் விரலுக்குப் பூஜை. ஃபஸ் ஃபேஸ் செயல்படும் விதம் இரண்டு தரப்பையும் மறுக்கிறது. இந்தச் சுற்று கிதாரின் மேல் பாரமாக அழுந்துகிறது. கிதாரின் கம்பிச்சுருளும் வால்யூம் திருகியும் சுற்றின் உறுப்புகளாகவே ஆகிவிடுகின்றன. பெடலை மிதித்தபடியே விட்டுவிட்டு, கிதாரின் திருகியைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் கரைந்து கண்ணாடி மணிபோல நாதம் தெளிகிறது. கூட்டினால் மறுபடி கிழிகிறது. வலதுகைக் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி வாசித்த இடதுகைக்காரர் ஹென்ட்ரிக்ஸ் இந்தத் திருகியை ஓயாமல் இயக்கியபடியே வாசித்தார். கிதாருக்கும் ஃபஸ் ஃபேஸுக்கும் நடுவில், அலையைப் பலப்படுத்தி அனுப்பும் வேறொரு பெடலைச் செருகிப் பாருங்கள். திருகியைக் குறைத்தால் நாதம் முன்புபோலத் தெளியாது. பெட்டியின் மேல் ஹென்ட்ரிக்ஸின் பெயர் அப்போதும் இருக்கும்.