தானாக லீக் ஆவதில்லை

மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப். காலை எட்டு மணி. அம்பத்தூர் எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டத்தில் எள் விழ இடமில்லை. டீக்கடை ஓரமாக இரண்டு பையன்கள் ஒரே போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். “லீக் ஆயிடுச்சு மச்சி” என்றான் ஒருவன்.

குழாய் லீக் ஆகும், கேஸ் லீக் ஆகும். ஒரு பெண்ணின் அந்தரங்கப் படம் எப்படித் தானாக லீக் ஆகும்? ஒருவன் விரலால் அழுத்தி அனுப்புகிறான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவன் ஒளிந்துகொள்ள, அவள் மட்டும் வெளியே தெரிகிறாள். பிறகு அவளிடமே கேட்கிறோம்: “நீ ஏன்மா எடுக்க விட்டே?”

இதற்குச் சட்டம் 2013-லேயே பதில் சொல்லிவிட்டது. படமெடுக்க அவள் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியவன் குற்றவாளி. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு. முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ஆபாச வீடியோவை ஃபார்வர்டு செய்பவரும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ-வில் மாட்டலாம். ஐந்தாண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். டீக்கடைப் பையன்களுக்கு இது தெரிந்திருக்குமா?

2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞரே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. முன்னாள் காதலன் அவருக்குத் தெரியாமல் எடுத்த காட்சிகள் இணையத்தில் சுற்றின. 48 மணி நேரத்தில் அகற்றும்படி மத்திய அரசுக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். ஒரு தளத்தில் நீக்கினால் இன்னொன்றில் முளைத்தது. சட்டம் தெரிந்தவருக்கே இந்தப் பாடு என்றால், ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பும் பெண் எங்கே போவாள்?

பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கிலும் வீடியோதான் மிரட்டும் கயிறாக இருந்தது. 2019-ல் வெளிவந்த அந்த வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறையும் அரசாணையுமே வெளியிட்டன. காக்க வேண்டியவர்கள் செய்த இந்தக் காரியத்தை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

புகாருக்கு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் பயத்தில் பலர் முதலில் செய்வது, சாட் மெசேஜ்களை அழித்துவிட்டு சிம்மை மாற்றுவது. அழிக்க வேண்டாம். மிரட்டல் மெசேஜ், அனுப்பியவன் எண், லிங்க், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருத்தியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போங்கள்.