ஊதிக் காட்டும் சத்தியம்

அக்டோபர் முதல் தேதி நெருங்க நெருங்க, இங்கிலாந்தில் பிள்ளைகளை வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து ஒரே சந்தேகம் பல உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது: அங்கே மருந்துக் கடைக்காரரே சிகரெட்டை விடச் செய்கிறாராமே, ஒருவன் 'விட்டுவிட்டான்' என்று அவர் பதிவு செய்தால் நம்பலாமா? 2012 முதல் அம்மாதத்தில் 28 நாள் புகை துறக்கச் சொல்லும் 'ஸ்டாப்டோபர்' பிரசாரமே இதற்குக் காரணம். புகையின் தீமையை நான் விஸ்தரிக்கப் போவதில்லை. அது பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கிறது.

இதற்காகக் கடைக்காரர் பெறும் பயிற்சியின் சாரம் சொற்பமே. புகைப்பதுண்டா என்று கேட்பது, மருந்தும் துணையும் சேர்ந்தால் விடுவது சுலபம் என்று தெரிவிப்பது, இசைந்தால் அப்போதே அத்துணைக்கு வழி செய்வது. முப்பது விநாடியில் முடிகிற காரியம். உபதேசம் விலக்கப்பட்டிருக்கிறது, நம்மவருக்கு அதுதான் கடினமான பாடமாயிருக்கும். ஸ்காட்லாந்தின் கிராம்பியன் பகுதியில் 62 கடைகளில் நடந்து 1998-ல் வெளியான ஆராய்ச்சியில், இரண்டு மணி நேரப் பயிற்சி பெற்றவர்களிடம் வந்தோரில் ஒன்பது மாதத்துக்குப் பின் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரும், மற்றக் கடைகளில் ஏழு பேரும் புகைக்காதிருந்தனர். இவ்வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே கணித சாஸ்திரத்தின் அபிப்பிராயம்.

என் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. விட முயல்கிறவர் மூச்சைப் பதினைந்து விநாடி அடக்கி ஒரு சிறு கருவியில் ஊதினால், சுவாசத்திலுள்ள கார்பன் மோனாக்ஸைடின் அளவு அதில் தெரிகிறது. பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்குக் குறைவாக இருந்து, கடைசி இரண்டு வாரமும் ஓர் இழுப்புக்கூட இழுக்கவில்லை என்று அவரும் சொன்னால், விடுவதற்குக் குறித்த நாளிலிருந்து நான்காவது வார முடிவில் அவர் 'விட்டவர்' ஆகிறார். ஆனால் அந்த வாயு நாலைந்து மணிக்கொரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், இரண்டு வார வைராக்கியத்துக்குச் சாட்சி சொல்ல வந்த கருவிக்கு நேற்றைய சமாசாரம் மட்டுமே தெரியும். புகையிலை மெல்லுகிறவர் ஊதினாலோ, நிரபராதி என்றே விடுவித்துவிடும். ஊதாமல் வாய்ச்சொல் கொடுத்தவரும் சர்க்கார்ப் பட்டியலில் விட்டவரே. பல வட்டாரங்களில் இந்த நான்கு வார வெற்றி ஒன்றுக்கு இவ்வளவு என்று கடைக்குப் பணமும் கிடைக்கிறது. தொடர்பறுந்து போனவரை விடாதவராகவே எண்ணும் நேர்மையும் இக்கணக்கில் உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆயினும் 2005-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில், நான்காம் வாரம் ஊதித் தேறியவர் நூற்றுக்கு 53. ஓராண்டில் மிஞ்சியவர் ஏறக்குறைய 15. இருபத்தெட்டு நாள் தாங்கினால் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்று பிரசாரம் முழங்கி வந்தது. இருபத்தெட்டு நாள் தாங்கக்கூடியவர் எப்படியும் விடக்கூடியவர்தானோ என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இவ்வளவு சொன்ன பின்பும், கருவியின் சிவந்த எண் இரண்டொரு நாளில் பச்சையாக இறங்குவதைத் தன் மூச்சிலேயே காண்கிற மனிதனுக்கு அது எத்தனையோ பிரசங்கங்களைவிட மேலானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி வாசகரின் சில்லறைச் சந்தேகங்கள். நிகோடின் பட்டை ஒட்டினால் எண் ஏறுமா? ஏறாது.

நிகோடின் கோந்தை மென்றுகொண்டே இருக்கலாமா? கூடாது, சற்று மென்று கன்னத்தில் அதக்க வேண்டும்.

மின்சிகரெட்? அதில் எரிதல் இல்லை, கணக்கில் விட்டவரே.

மருத்துவமனையில் தொடங்கிய சிகிச்சை? 2022 மார்ச் முதல் வீட்டருகுக் கடையில் தொடரலாம்.

மறுபடி பிடித்துவிட்டால்? திரும்ப வந்து நாள் குறிக்கலாம்; பட்டியலில் அவர் இன்னொரு வரி.