மழைக்காட்டுப் பெருங்கழுகுகள்

கழுகு என்றதும் உயர்ந்த வானில் வட்டமிடும் பறவையே நம் கண்முன் தோன்றும். ஆனால் வானத்தை அதிகம் நாடாது, அடர்ந்த மழைக்காட்டின் கிளைகளுக்கிடையிலேயே வாழ்நாளைக் கழிக்கும் கழுகுகளும் உண்டு. நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் ஹார்ப்பிக் கழுகு, அதே காடுகளில் வாழும் கொண்டைக் கழுகு, பசிபிக் பெருங்கடலுக்கு அப்பால் நியூ கினித் தீவில் வாழும் பப்புவாக் கழுகு ஆகிய மூன்றும் நெருங்கிய உறவுடையவை.

இவற்றுள் மிகப் பெரியது ஹார்ப்பி. கிரேக்கப் புராணத்தில் பெண் முகமும் பறவை உடலும் கொண்ட ஒரு பிறவியின் பெயர் அது. ஆண் கழுகு 4 முதல் 5 கிலோ எடையே இருக்க, பெண் கழுகு 6 முதல் 9 கிலோ வரை இருக்கும். வலிமையில் பெண்ணே மேல்! உடற்பருமனை நோக்க இறக்கைகள் குறுகியவை. நீண்ட வாலோ படகின் சுக்கான் போல் உதவுகிறது. ஆகவே மரங்களுக்கிடையே வளைந்து நெளிந்து பாய்ந்து, குரங்கையும், கிளையில் தலைகீழாகத் தொங்கி மெல்ல ஊரும் ஸ்லாத் என்னும் விலங்கையும் கவர்ந்து செல்லும்.

இத்துணை வலிய பறவைக்கு என்ன குறை என்று கேட்கலாம். அதன் கூட்டைப் பார்த்தால் விளங்கும். நம் வீட்டுத் தலையணைக்குப் பஞ்சு தரும் அதே இலவமரம் அங்கே விண்ணளாவி வளர்கிறது. அதன் பெருங்கவையில் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டி, பெண் கழுகு 2 முட்டைகள் இடும். ஏறத்தாழ 8 வாரம் அடைகாத்தபின் முதற்குஞ்சு வெளிவந்ததும், மற்ற முட்டையைத் தாய் கவனிப்பதில்லை. முதல் முட்டை கெட்டுப்போனால்தான் அதற்கு வாழ்வு. தாய் கூட்டைக் காக்க, தந்தை இரை தேடி வருகிறது. குஞ்சு பறக்கவே ஏறக்குறைய 6 மாதம் ஆகும். பறந்த பிறகும் ஓராண்டுக்குக் குறையாமல் பெற்றோர் தரும் இரையையே நம்பியிருக்கும். ஆக, ஓர் இணை ஒரு பிள்ளையை ஆளாக்க 2, 3 ஆண்டுகள் செல்கின்றன.

காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்குவது ஒருபுறம் இருக்கட்டும். இளங்கழுகுக்கு மனிதனைக் கண்டால் அச்சமில்லை. கீழே நிற்பவனைக் கிளையிலிருந்தபடியே உற்று நோக்கும். கோழியைத் தூக்கிவிடும் என்ற பயத்தாலோ, இவ்வளவு பெரிய பறவையை அருகில் பார்க்கும் ஆவலாலோ, அவன் சுட்டுவிடுகிறான்.

பனாமா நாடு 2002-இல் ஹார்ப்பியைத் தன் தேசியப் பறவையாக அறிவித்தது. மனிதர் வளர்த்த கழுகுகளைப் பனாமா, பெலீஸ் காடுகளில் விட்டும் பார்த்தார்கள். அவ்வாறு விடப்பட்டவற்றுள் சிலவும் துப்பாக்கிக்கே இரையாயின.