மாட்டிறைச்சி ரோல்ஸும் எழுத மறந்த கூலியும்

காலை ஆறு மணிக்கு எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ் அடுக்கியிருக்கும். 'சைனீஸ் ரோல்ஸ்' என்பது பெயர். சீனர்களின் ஸ்பிரிங் ரோலைப் பார்த்து வைத்த பெயர் என்பார்கள். ஆனால் உருளைக்கிழங்கும் மிளகும் சேர்ந்த இறைச்சியை மெல்லிய அப்பத்தில் சுற்றி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரிப்பது நம் நாட்டுக் கைவேலை. குறைந்த முதலில் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம் என்பதால் இதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் இதில் கை வைத்துச் சுட்டுக்கொண்டவன்தான்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். எலும்பில்லாத மாட்டிறைச்சி அரைக் கிலோவை உப்பு, மஞ்சள், மிளகு போட்டு அவித்துச் சிறிதாக வெட்டிக்கொள்ளுங்கள். வெங்காயம், லீக்ஸ், பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாளித்து, இறைச்சியையும் அவித்து மசித்த உருளைக்கிழங்கு அரைக் கிலோவையும் சேர்த்துப் பிரட்டுங்கள். கறி நன்றாக ஆற வேண்டும். சூட்டோடு சுற்றினால் ஆவி பிடித்து அப்பம் கிழியும்.

அப்பத்துக்கு கோதுமை மா அரைக் கிலோ, இரண்டு முட்டை, உப்பு, சுமார் 900 மில்லிலீற்றர் தண்ணீர். தாச்சியில் மெல்லியதாக ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டால் போதும். வெந்த பக்கத்தில் கறியை வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து இறுக்கிச் சுற்றி, கரைத்த மாவால் ஒட்டுங்கள். முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டி, நன்றாகச் சூடேறிய எண்ணெயில் பொரியுங்கள். எண்ணெய் சூடு போதாவிட்டால் ரோல்ஸ் எண்ணெயைக் குடித்துவிடும். அது வாடிக்கையாளருக்கும் பிடிக்காது, நம் கணக்குக்கும் ஆகாது. இந்த அளவில் 20 முதல் 24 வரை வரும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். பலர் இறைச்சி, மா, முட்டை விலையைக் கூட்டி, ரோல்ஸ் எண்ணிக்கையால் பிரித்து, மிகுதி இலாபம் என்று நினைக்கிறார்கள். ஒரு கிலோ இறைச்சி அவிந்து வரும்போது முக்கால் கிலோவும் தேறாது. எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிக்கவும் முடியாது. எரிவாயு, பொதி செய்யும் பை, கொண்டுபோய்க் கொடுக்கும் பெற்றோல் எல்லாம் செலவுதான். எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அடுத்தது, விற்காததைத் திருப்பி எடுக்கும் வழக்கம். விலையில் ஐந்தில் ஒரு பங்கு இலாபம் வைத்து 50 ரோல்ஸ் கொடுக்கிறீர்கள். 10 திரும்பி வந்தால் அன்றைய இலாபம் முழுவதும் அதோடு சரி. 11 வந்தால் நட்டம்.

என் கதை இதுதான். பல வருடங்களுக்கு முன் மனைவி செய்த ரோல்ஸை என் கடையிலும் பக்கத்தில் இரண்டு ஹோட்டல்களிலும் கொடுத்து வந்தேன். ஆறு மாதம் கொப்பியில் ஒழுங்காகக் கணக்கு எழுதினேன். ஒவ்வொரு மாதமும் மிச்சம். ஒரு நாள் இரவு கொப்பியை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்: "எல்லாம் எழுதியிருக்கிறீங்க. நான் விடியக் காலையில நாலு மணிக்கு எழும்புறது எந்தப் பக்கத்தில இருக்கு?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. முதல் நாள் மாலை கறி சமைக்க இரண்டு மணித்தியாலம், காலையில் சுற்றிப் பொரிக்க மூன்று மணித்தியாலம். அந்த வேலைக்கு ஆள் வைத்திருந்தால் எவ்வளவு கூலி என்று போட்டுப் பார்த்தேன். நான் இலாபம் என்று எழுதியதெல்லாம் அவளுடைய கூலி. அதிலும் பாதிதான்!

மறுவாரமே திருப்பி அனுப்பும் இரண்டு ஹோட்டல்களையும் நிறுத்தினோம். 50ஐ 30 ஆகக் குறைத்து, கடைக்கும் முன்கூட்டிச் சொல்பவர்களுக்கும் மட்டும் கொடுத்தோம். சுற்றி வைத்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தேவைக்கேற்பப் பொரித்தோம். விலையைச் சற்று உயர்த்தி, அவளுடைய கூலியைத் தனியாக எடுத்து அவள் கையில் கொடுத்தேன். விற்பனை குறைந்தது. ஆனால் மிஞ்சியது உண்மையான இலாபம். நோன்பு காலத்தில் கட்டளைகள் கூடியபோது உதவிக்கு ஒருவரைக் கூலிக்கு வைக்கவும் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் செய்து விற்றாலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் நமக்கும் பொருந்தும். ஆரம்பிக்கும் முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து ஆலோசனை பெறுங்கள். இறைச்சியும் கிழங்கும் சேர்ந்த கறியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஒருவருக்கு வயிற்றைக் கெடுத்தால் ஊர் முழுக்கப் பெயர் கெட்டுவிடும்.

இத்தொழிலில் இறங்க நினைக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொப்பியின் முதல் வரியில் இறைச்சி விலையை எழுதாதீர்கள். வீட்டில் உழைப்பவரின் கூலியை எழுதுங்கள். அதற்குப் பிறகும் கணக்கு நின்றால் தைரியமாக அடுப்பை மூட்டலாம்.