வைத்தியம் கற்றபின் கற்ற பாடம்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஐம்பதுகளில் ஒன்றாகப் பயின்ற ரஜனிகாந்த் ஆரோளேயும் மேபெலும், தாங்கள் கற்ற வித்தையை ஏழைக் கிராமங்களுக்கே அர்ப்பணிப்பதென்று உறுதி பூண்டு, 1960-இல் மணம் புரிந்து, மகாராஷ்டிரத்தில் வடாலா என்னும் ஊரின் மிஷன் ஆஸ்பத்திரியில் பணியேற்றார்கள். அல்லும் பகலும் உழைத்தும், குணமாகிப் போனவர்கள் அதே வியாதிகளோடு மீண்டும் வந்ததைக் கண்டபோது, தங்கள் படிப்பில் ஏதோ ஒரு பாகம் விடுபட்டிருக்கிறதென்று அவர்களுக்குப் புலப்பட்டது.

அந்தப் பாகத்தைத் தேடி அவர்கள் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலைக்குச் சென்று பொதுச் சுகாதாரம் பயின்றார்கள். வைத்தியம் எதிரே கிடக்கும் ஒரு நோயாளியின் தேகத்தை ஆராய்கிறது. பொதுச் சுகாதாரமோ, ஓர் ஊரில் பிறக்கும் ஆயிரம் சிசுக்களில் எத்தனை ஒரு வயதைக் காண்கின்றன, காணாதவை மாண்டது அசுத்தமான நீராலா, பட்டினியாலா, தாயின் ரத்தசோகையாலா என்று விசாரிக்கிறது.

1970-இல் அவர்கள் மகாராஷ்டிரத்துக்கே திரும்பி, வறட்சி மிகுந்த ஜாம்கேடு வட்டாரத்தில் குடியேறினார்கள். அங்குள்ள ஜனங்கள் முதலில் வேண்டியது மருந்தையன்று, தண்ணீரையும் உணவையுமே. ஆகவே வேலை அங்கிருந்தே தொடங்கிற்று. கிராமங்களில் தங்கிச் சேவை செய்யப் பயிற்சி பெற்ற நர்சுகள் தயங்கவே, அந்தந்த ஊராரே தங்களுள் ஒரு ஸ்திரீயைத் தேர்ந்தனுப்பும் ஏற்பாடு பிறந்தது. எழுத்தறியாதவர்களும், தீண்டாமையின் கொடுமையை அனுபவித்தவர்களும் அப்படி வந்த ஸ்திரீகளுள் பலர். வாரந்தோறும் ஜாம்கேடு வந்து கர்ப்பிணிகளைப் பேணவும், சுத்தமாகப் பிரசவம் பார்க்கவும், வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் புகட்டவும், தொழுநோயின் ஆரம்பக் குறிகளை இனங்காணவும் கற்றார்கள். பல வருஷம் பாடுபட்டுப் பெற்ற ஞானத்தைப் பள்ளி வாசலை மிதியாத ஒரு தாயின் கையில் நம்பிக் கொடுப்பதற்குப் பட்டம் பெற்றவர்கள் விடவேண்டிய கர்வம் எத்தகையது! அறுவைச் சிகிச்சையைக் கற்பதைவிட அதுவே அரிய சாதனை என்பேன்.

ஆயிரத்துக்கு 176 ஆக இருந்த சிசு மரணம், அந்தக் கிராமங்களில் ஏறத்தாழ ஐந்தாண்டுகளில் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. 1979-இல் தம்பதிகளுக்கு மக்சேசே விருது கிடைத்தது. பிற்காலத்தில் அயல்தேசங்களிலிருந்து மருத்துவ மாணவர்கள் ஜாம்கேடுக்குப் படிக்க வந்தபோது, அவர்களுக்குப் போதித்த ஆசிரியர்களில் இந்தக் கிராமத்து ஸ்திரீகளும் இருந்தார்கள்.