குளக்கட்டும் தொல்லியல்தான்

தொல்லியல் இடம் என்றதும் உங்கள் மனதில் என்ன வருகிறது, நேயர்களே? இடிந்த கல்தூணும் அறிவித்தல் பலகையுமா? அப்படியென்றால் முல்லைத்தீவின் வவுனிக்குளத்தை எதில் சேர்ப்பது? பாலியாற்றை மறித்துக் கட்டிய இந்தக் குளத்தை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளிவந்த தன் நூலில் இலங்கையின் மிகப் பழைய குளங்களுள் ஒன்றாக ஆராய்ந்திருக்கிறார். காடு மூடிக் கிடந்த கட்டு, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தப்பட்டது. இன்றும் அதன் கீழ் நெல் விளைகிறது.

பாவித்தால் பழமை கெட்டுவிடுமே என்பார்கள். பொய்யில்லை, புல்டோசர் தள்ளும் மண்ணோடு பழைய செங்கல்லும் போய்விடும், ஆய்வாளர் முதலில் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆளில்லாத கட்டில் மரம் முளைத்து, வேர் இறங்கி, ஒரு பெருமழைக்கே உடைப்பெடுக்கும். துரிசடியில் நீர் கசிந்தால் முதலில் கண்டு சொல்பவர் வயலில் நிற்கும் கமக்காரர்தான். அவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டு எந்தத் திணைக்களமும் இந்தக் கட்டைக் காக்க முடியாது. காலபோகத்துக்கு முன் கூடும் கமக்காரர் கூட்டத்தில் தொல்லியலாளருக்கும் ஒரு கதிரை போடலாமே!