மாத்தூர் மொட்டை மாடியில் தக்காளி குலுங்கும்! கார்த்திகையில் நட வேண்டும்; கண்ணாடிக் கூரை தேவை இல்லை

மாத்தூர்: தக்காளி விலை ஏறினால் ரசம் தண்ணீராகிவிடும்! 2023-ம் ஆண்டு ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது.

"நம்ம மாடியிலே நாலு செடி வெச்சா என்ன?" என்ற யோசனை அப்போது எந்த வீட்டில்தான் வரவில்லை?

ஆனால் கோடையில் நட்டால் வம்புதான். செடி மளமளவென்று வளரும். பூவும் பூக்கும். இரண்டு நாளில் பூ எல்லாம் தரையில்! "கண்ணு பட்டுடுச்சு" என்பார்கள். கண்ணும் இல்லை, காத்தும் இல்லை. வெப்பம்தான் காரணம்.

ராத்திரிப் புழுக்கம்

குளிர் தேசங்களில் கண்ணாடி வீடு கட்டித் தக்காளி வளர்க்கிறார்கள். அங்கே எதிரி குளிர். இங்கே எதிரி ராத்திரிப் புழுக்கம். இரவில் 21 டிகிரிக்கு மேல் போகப் போக, பிஞ்சு பிடிப்பது குறைந்துகொண்டே வரும். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும்.

சென்னையில் மே மாத இரவு 28 டிகிரி வரை கொதிக்கிறது. ஜனவரியில்தான் 21 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. ஆக, பூ பூக்கும் நேரம் மார்கழி, தை மாதங்களில் விழ வேண்டும். ஐப்பசிக் கடைசியில், மழை படாத இடத்தில் விதை போடவேண்டும். 25 நாள் நாற்றைக் கார்த்திகையில் நடலாம். மாசியில் பழம் பறிக்கலாம்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகம் நம்ம ஊர்ச் சரக்கு. அண்ணஞ்சி என்ற நாட்டுத் தக்காளியிலிருந்து வந்தது.

ஒரு பைக்கு ஒரு செடி போதும். பையைத் தளத்தில் அப்படியே வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். பகல் வெயிலைக் குடித்த தளம் ராத்திரியெல்லாம் சூட்டைக் கக்கும். மழைத் தண்ணீரும் அடியில் தேங்காது.

இன்னொரு சங்கதி. தக்காளிப் பூவில் ஆண், பெண் இரண்டும் உண்டு. காற்றில் ஆடினாலே காய் பிடிக்கும். கண்ணாடி வீட்டுக்குள் காற்று ஏது? வெளிநாட்டில் பெட்டி பெட்டியாக வண்டுத்தேனீ வாங்கி விடுகிறார்கள். மாத்தூருக்கு அந்தச் செலவு மிச்சம். கடல் காற்று சும்மா வருகிறது!

உப்புத் தண்ணீர்

அதே கடல் தண்ணீர் விஷயத்தில் காலை வாரும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் புகுந்தது 1960-களிலேயே தெரிந்த சேதி. உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரித்தால் செடிக்கு ஊற்றாதீர்கள். காய் சிறுத்துப்போகும். அரிசி கழுவிய தண்ணீர், பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. இன்று ஒரு வாளி, அப்புறம் மூன்று நாள் பட்டினி என்று இருந்தாலும் ஆபத்து. காயின் அடி கறுத்து அழுகும். தினமும் அளவாக ஊற்றுங்கள்.

இலை சுருண்டு செடி குட்டையானால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அதற்கு மருந்து கிடையாது. இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் போடுங்கள். மற்ற செடிகளாவது பிழைக்கும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் ஈ ஒட்டிக்கொள்ளும்.

பங்குனி வெயில் ஏறியதும் பூ மறுபடி உதிரும். அப்போது தக்காளியை விட்டுவிட்டு, அதே பையில் வெண்டை போடலாம்.